ஏலத்துக்கு முன் கேட்க வேண்டிய கேள்வி

சுரங்கத் திட்டம் ஒன்றுக்கு எதிர்ப்பு கிளம்பும்போதெல்லாம் இரண்டு குரல்கள் எழுகின்றன. ‘எங்களை யாரும் கேட்கவில்லை’ என்கிறது ஊர். ‘சட்டப்படி கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தினோம்’ அல்லது ‘நடத்தத்தான் போகிறோம்’ என்கிறது அரசு. பெரும்பாலும் இரண்டு தரப்பும் சொல்வது உண்மையாகவே இருக்கிறது. கூட்டம் நடந்திருக்கும், வீடியோ எடுத்திருப்பார்கள், நடவடிக்கைக் குறிப்பில் கையெழுத்து விழுந்திருக்கும். ஊரின் பேச்சு எந்த முடிவையும் தொட்டிருக்காது. இது எப்படி நேர்கிறது என்பதைத்தான் இன்று பேச எடுத்துக்கொண்டேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் சுரங்க நிர்வாகம் மக்களை மிகவும் காலம் தாழ்த்திக் கேட்கிறது. நிலத்துக்கு எல்லை வரைந்து, கனிம இருப்பைக் கணித்து, ஏலத்தையும் முடித்து, நிறுவனத்தின் பணம் உள்ளே வரத் தொடங்கிய பிறகுதான் ஊர்க்காரரின் முறை வருகிறது. அப்போது அவர் வாயைத் திறந்தாலே அது எதிர்ப்பாகிவிடுகிறது. கேட்பதை ஏலத்துக்கு முன்னால் கொண்டுபோக வேண்டும். சுரங்கக் குழி மூடப்படும் நாள்வரை அதைத் தொடரவும் வேண்டும்.

இதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. 2023இல் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டத்தில் செய்த திருத்தம், 24 முக்கியக் கனிமங்களை ஏலம்விடும் அதிகாரத்தை ஒன்றிய அரசுக்குக் கொடுத்தது. டங்ஸ்டன் அவற்றுள் ஒன்று. மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில் 2,015.51 ஹெக்டேர் நிலம் ‘நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி’ என்ற பெயரில் ஏலத்துக்கு வந்தது. 2024 நவம்பர் 7 அன்று ஹிந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம் தேர்வானதாக அறிவிப்பு வெளியானது. அந்தத் தொகுதிக்குள் அரிட்டாபட்டி இருந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான், 2022 நவம்பரில், தமிழ்நாடு அரசு அதை மாநிலத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்திருந்தது. ஏழு குன்றுகள், சமணர் படுக்கைகள், தமிழிக் கல்வெட்டுகள், பாண்டியர் காலக் குடைவரைக் கோயில், ஏறத்தாழ 250 வகைப் பறவைகள் கொண்ட ஊர் அது. செய்தி பரவியதும் நவம்பர் 23 கிராம சபைகளில் எதிர்ப்புத் தீர்மானங்கள் நிறைவேறின. டிசம்பர் 9 அன்று சட்டமன்றமும் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 7 அன்று ஆயிரக்கணக்கானோர் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்குத் திரண்டு வந்தார்கள். ஜனவரி 23 அன்று ஏலம் ரத்தானது. அறிவிப்புக்கும் ரத்துக்கும் இடையே 77 நாள். மக்களின் வெற்றி என்று இதைக் கொண்டாடினோம், கொண்டாட வேண்டியதுதான். ஆனால் நிர்வாகத்தைப் பற்றி யோசிக்கிறவர்கள் அதோடு நின்றுவிட முடியாது. புவியியல் ஆய்வு, வரைபடம், ஒப்பந்தப்புள்ளி என்று ஆண்டுக்கணக்கில் நடந்த வேலை, ஊருக்குத் தகவல் தெரிந்த பதினொரு வாரத்தில் சரிந்தது. முதல் வாரத்திலேயே கேட்டிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய பதிலை, வேலை எல்லாம் முடிந்த பிறகு தெருவில் நின்று சொல்லும்படி மக்களை வைத்துவிட்டோம். அந்த நாள்களில் ஒன்றிய அரசும் மாநில அரசும் எந்தக் கடிதம் எப்போது யாருக்குப் போனது என்றுதான் வாதிட்டுக்கொண்டன. கிராம சபையைக் கேட்டது யார் என்ற கேள்வி அந்த வாதத்தின் ஓரத்தில்தான் இருந்தது.

இடையில் ஒரு சமரசமும் முன்வைக்கப்பட்டது. பல்லுயிர்த் தலத்தை விலக்கிவிட்டுத் தொகுதியின் எல்லையை மாற்றி வரைய முடியுமா என்று பார்க்கும்படி இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்தை ஒன்றிய அரசு கேட்டது. தலத்தின் பரப்பு 193 ஹெக்டேர் சொச்சம், அதாவது தொகுதியில் பத்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. காகிதத்தில் இது நியாயமான யோசனையாகவே தெரியும். பத்தில் ஒன்றைக் கழித்தால் ஒன்பது மிஞ்சுகிறதே என்று தோன்றும். மேலூர்ப் பக்கத்து நீர்ப்பாசனத்தை அறிந்தவர்கள் இந்தக் கணக்கை ஏற்க மாட்டார்கள். பெரியாறு பிரதானக் கால்வாயின் ஒருபோகப் பாசனப் பகுதி அது. கால்வாயில் தண்ணீர் வராத மாதங்களுக்குக் குன்றிலிருந்து இறங்கும் மழைநீரும், ஊற்றும், கண்மாயும், கிணறும்தான் கதி. குன்றின் சரிவில் விழுந்த மழை ஓடையில் இறங்கி, வரத்துக்காலில் ஓடிக் கண்மாயில் நிற்கும். நிறைந்தால் கலுங்கில் வழிந்து அடுத்த ஊர்க் கண்மாய்க்குப் போகும். எந்தக் கலுங்கு வழிந்தால் எந்தக் கண்மாய்க்கு நீர் கிட்டும், எந்த வரத்துக்கால் அடைபட்டால் எந்த வயல் காயும் என்பதெல்லாம் மடை திறந்து விடுகிற நீர்பாய்ச்சிக்கு மனப்பாடம். துளையிட்டு எடுத்த பாறை மாதிரி எத்தனை அடியில் டங்ஸ்டன் இருக்கிறது என்று சொல்லும். இந்தத் தொடர்பை அது சொல்லாது. ஆகவே மக்களை முன்கூட்டியே கேட்பதை ஊருக்குக் காட்டும் மரியாதை என்ற அளவில் மட்டும் நான் பார்க்கவில்லை. எல்லை வரைகிறவருக்குத் தேவையான தகவலில் பாதி ஊரில்தான் இருக்கிறது. அதைப் பெறாமல் வரைந்த எல்லை தொழில்நுட்ப அளவிலேயே குறையுள்ளது.

இதற்கு அதிகாரிகள் தரப்பில் ஒரு பதில் உண்டு. ஏலத்தில் கொடுப்பது ஆய்வும் சுரங்கமும் சேர்ந்த கூட்டு உரிமம்தான். அதன்படி நிறுவனம் முதலில் ஆய்வு செய்யும், பிறகு சுற்றுச்சூழல் அனுமதிக்கு விண்ணப்பிக்கும், அப்போது கருத்துக் கேட்பு வரும், அதற்குள் ஏன் பதற்றம் என்பார்கள். சட்ட நடைமுறையை அவர்கள் சரியாகவே சொல்கிறார்கள். ஏலம் என்ன செய்கிறது என்பதைத்தான் விட்டுவிடுகிறார்கள். எடுக்கும் கனிமத்தின் மதிப்பில் அதிகச் சதவீதத்தை அரசுக்குத் தர யார் ஒப்புக்கொள்கிறாரோ அவருக்கே உரிமை என்பது ஏல விதி. ஒன்றிய அரசு ஏலம் நடத்தினாலும் அந்த வருவாய் மாநிலத்துக்குச் சேரும். ஆக, ஏலம் முடிந்த கணமே நிறுவனத்துக்கு ஓர் எதிர்பார்ப்பும், மாநிலக் கருவூலத்துக்கு ஒரு வரவும் உருவாகிவிடுகின்றன. அதற்குப் பின் நடக்கும் எந்த விசாரணையிலும் விசாரிக்கிற அரசே வரவு எதிர்பார்க்கும் தரப்பாகவும் இருக்கிறது. அதிகாரிகள் நேர்மையானவர்களா இல்லையா என்ற கேள்வியே இங்கு எழவில்லை. எவ்வளவு நேர்மையானவரும், பாதிக்கு மேல் கட்டி முடித்த வீட்டை இடிக்கச் சொல்லத் தயங்கத்தான் செய்வார்.

அந்தக் கருத்துக் கேட்பு எப்படி நடக்கிறது என்பதையும் பார்த்துவிடுவோம். 1994ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் 1997இல்தான் அது சேர்க்கப்பட்டது. இப்போது நடைமுறையில் இருப்பது 2006 அறிவிக்கை. மாவட்ட ஆட்சியரோ அவர் சார்பில் உயர் அதிகாரியோ தலைமை தாங்க, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கூட்டத்தை நடத்துகிறது. 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். குறைந்தது இத்தனை பேர் வர வேண்டும் என்ற வரையறை கிடையாது. மக்கள் பேசுவது வரைவு மதிப்பீட்டு அறிக்கையின் மேல். அந்த அறிக்கையைத் தயாரிக்கும் ஆலோசனை நிறுவனத்துக்குக் கூலி கொடுப்பது சுரங்கம் தோண்டப்போகும் நிறுவனம். நூற்றுக்கணக்கான பக்க அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கும். தமிழில் கிடைப்பது பெரும்பாலும் சுருக்கம் மட்டுமே. தூசியும் அதிர்வும் நிலத்தடி நீரும் பற்றிய அட்டவணைகள் உள்ள பக்கங்கள் அந்தச் சுருக்கத்தில் வராது. மொழி எவ்வளவு பெரிய தடை என்பதற்கு வேறு சான்றே வேண்டாம். 2020இல் இந்த அறிவிக்கைக்கு மாற்றாக ஒரு வரைவைக் கொண்டுவந்து பொதுமக்கள் கருத்தைக் கேட்டபோது, அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையிலுள்ள மொழிகளில் எல்லாம் அதை மொழிபெயர்க்கும்படி டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. கருத்துக் கேட்பைப் பற்றிய விதிக்கே இந்த நிலை.

வரிசை மாறினால் என்ன ஆகும் என்பதற்கு ஒடிசாவின் நியமகிரியைவிடத் தெளிவான பாடம் இந்தியாவில் இல்லை. டோங்ரியா கோந்து மக்களின் மலை அது, உச்சியில் பாக்சைட். மலையில் சுரங்கத்துக்கு முழு அனுமதி கிடைக்கும் முன்பே அடிவாரத்து லாஞ்சிகரில் வேதாந்தா குழுமத்தின் அலுமினா ஆலை எழுந்துவிட்டது. 2007இல் ஓடவும் தொடங்கியது. ஆலை நிற்கிறதே, மூலப்பொருள் எங்கே என்ற கேள்வியே பிறகு மலைக்கு எதிரான வாதமாயிற்று. 2010 ஆகஸ்டில் சுற்றுச்சூழல் அமைச்சகம் வன அனுமதியை மறுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2013 ஏப்ரல் 18 தீர்ப்பில் நீதிமன்றம், வன உரிமைச் சட்டத்தின்படி அந்த மக்களின் சமய, பண்பாட்டு உரிமைகளைக் கிராம சபைகளே பரிசீலிக்கட்டும் என்றது. மாவட்ட நீதிபதி நிலையிலுள்ள ஒருவர் பார்வையாளராக இருக்க, 12 கிராம சபைகள் கூடின. பன்னிரண்டும் மறுத்தன. 2014 ஜனவரியில் அமைச்சகம் இறுதியாக அனுமதி மறுத்தது. இதற்கிடையே 2012 டிசம்பரில் பாக்சைட் கிடைக்காமல் ஆலையைச் சில மாதம் மூடி வைக்க நேர்ந்தது. சுரங்கத்தை ஆதரிக்கிறவர்களும் எதிர்க்கிறவர்களும் ஒருசேர யோசிக்க வேண்டிய இடம் இது. அந்த 12 கூட்டங்களும் நடந்து முடியச் சில வாரங்களே ஆயின. அந்தச் சில வாரங்களை ஆலைக்கு அடிக்கல் நாட்டும் முன் ஒதுக்கியிருந்தால், நிறுவனத்தின் முதலீடும் அந்த மக்கள் போராட்டத்தில் கழித்த ஆண்டுகளும் மிஞ்சியிருக்கும்.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். இன்று வலுவாக ஒலிக்கும் மறுப்பு, நேரமில்லை என்பது. டங்ஸ்டன், லித்தியம், அருமண் கனிமங்கள் இல்லாமல் மின்கலமும் காற்றாலையும் பாதுகாப்புத் தளவாடமும் இல்லை. டங்ஸ்டன் உற்பத்தியில் பெரும்பங்கு சீனாவிடம் இருக்கிறது. நாம் கூட்டம் போட்டுக்கொண்டிருந்தால் பின்தங்கிவிடுவோம் என்கிறார்கள். கனிமங்கள் தேவை என்பதை நான் மறுக்கவில்லை. நிலக்கரியிலிருந்து விடுபட வேண்டும் என்று சொல்கிற எவரும் மறுக்க முடியாது. ஆனால் இந்தக் கவலையிலிருந்து பிறந்த முடிவு கவலையளிக்கிறது. 2025 செப்டம்பர் 8 அன்று ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட அலுவலகக் குறிப்பாணை, அணுக் கனிமங்களுக்கும் முக்கியக் கனிமங்களுக்குமான சுரங்கத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்பிலிருந்து விலக்கு அளித்தது. டங்ஸ்டன் இந்தப் பட்டியலில் இருக்கிறது. கன்னியாகுமரிக் கடற்கரை மணலிலுள்ள மோனசைட் என்ற கனிமமும் இருக்கிறது. அம்மாவட்டத்தின் கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கும் திட்டத்துக்கு மீனவக் கிராமங்கள் எதிர்ப்புத் தெரிவித்துவந்த நிலையில் இந்தக் குறிப்பாணை வந்தது. காலம் தாழ்த்திக் கேட்பது தவறு என்று நாம் சொல்லிக்கொண்டிருக்கும்போது, கேட்கவே வேண்டாம் என்று ஆகிவிட்டது. கருத்துக் கேட்பைத் தவிர்ப்பதால் மிச்சமாகும் நேரம் எவ்வளவு? 2006 அறிவிக்கையின்படி விண்ணப்பம் வந்த 45 நாளில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கூட்டத்தை முடித்துக் கொடுக்க வேண்டும். மேலூரில் கேட்காமல் விட்டதற்கு 77 நாளும் ஒரு முழு ஏலமும் விலையாயின. நியமகிரியில் ஆலை ஓடத் தொடங்கியதிலிருந்து இறுதி மறுப்புவரை ஏழு ஆண்டு. அவசரம் உண்மையானால், முன்னால் கேட்பதே விரைவான வழி.

அடுத்த மறுப்பு கொள்கை சார்ந்தது. நிலத்தடிக் கனிமம் நாட்டுக்குச் சொந்தம், நாலு கிராமம் சேர்ந்து அதைத் தடுக்க உரிமை ஏது என்பது. முதலில், ‘நாட்டுக்குச் சொந்தம்’ என்பதே அவ்வளவு நேரான செய்தி இல்லை. பழைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த மலபார் நிலங்கள் தொடர்பான வழக்கில், 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு, நிலத்தின் உரிமை யாரிடமோ அடியிலுள்ள கனிமத்தின் உரிமையும் பொதுவாக அவரிடமே, சட்டப்படி பறிக்கப்பட்டிருந்தால் ஒழிய, என்று கூறியது. கனிமம் எடுப்பதை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் அரசுக்கு உண்டு என்பது வேறு. எல்லாம் இயல்பிலேயே அரசுடையது என்பது வேறு. இருந்தாலும் இந்த மறுப்பின் உட்கரு எளிதில் தள்ளக்கூடியதல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். கொலம்பியாவின் கஹமார்க்கா நகராட்சியில் 2017 மார்ச்சில் நடந்த வாக்கெடுப்பில் தங்கச் சுரங்கத்துக்கு எதிராக 97 விழுக்காட்டுக்கும் மேல் வாக்கு விழுந்தது. அடுத்த ஆண்டே அந்நாட்டு அரசமைப்பு நீதிமன்றம், இத்தகைய வாக்கெடுப்பு நிலத்தடி வளம் பற்றிய முடிவைத் தடை செய்ய முடியாது என்றது. கூடவே, மைய அரசும் உள்ளாட்சியும் ஒத்துப்போக ஒரு வழிமுறையைச் சட்டமாக்கும்படி நாடாளுமன்றத்தையும் கேட்டுக்கொண்டது. நான் கேட்பது அத்தகைய வழிமுறையைத்தான். பழங்குடி மக்கள் வாழும் அட்டவணைப் பகுதிகளிலும், வன உரிமைச் சட்டம் செல்லும் இடங்களிலும் ஊரின் மறுப்பு இறுதியாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அவர்களுக்குப் போக்கிடம் வேறில்லை. தமிழ்நாட்டில் அட்டவணைப் பகுதியே அறிவிக்கப்படவில்லை. எனவே மேலூர் போன்ற சமவெளி ஊரின் கிராம சபைத் தீர்மானத்துக்குச் சுரங்கக் குத்தகையைத் தடுக்கும் சட்ட வலு இல்லை. அங்கே குறைந்தபட்சம் இவ்வளவாவது வேண்டும்: ஒரு தொகுதி ஏலப் பட்டியலில் ஏறும் முன், புவியியல் ஆய்வின் முடிவு தமிழில் ஊருக்கு வர வேண்டும், சிறப்புக் கிராம சபை கூட வேண்டும், அதன் தீர்மானத்தை அரசு மீறுவதானால், காரணத்தை எழுத்தில் தர வேண்டும், அந்தத் தீர்மானம் ஏல ஆவணத்திலேயே இணைக்கப்பட வேண்டும். கனிம இருப்பையும் நில வகைப்பாட்டையும் பார்த்து விலை கேட்கிற நிறுவனம், ஊரின் மனநிலையையும் பார்த்துவிட்டுக் கேட்கட்டும்.

முன்கூட்டியே சொன்னால் நிலத் தரகர்கள் புகுந்துவிடுவார்கள், கிராம சபையை லாரிக்காரரும் ஒப்பந்ததாரரும் விலைக்கு வாங்கிவிடுவார்கள் என்றும் சொல்கிறார்கள். இரண்டும் நடக்கக்கூடியவைதாம். ஏலப் பட்டியல் இப்போதும் பொதுவெளியில்தான் வருகிறது. தரகர் அதை ஊருக்கு முன்பே படித்துவிடுகிறார், ஊர்க்காரர்தான் கடைசியில் அறிகிறார். கிராம சபை விலைபோவதைத் தடுக்க நியமகிரியில் செய்ததுபோல் நீதித்துறையிலிருந்து பார்வையாளரை வைக்கலாம். மக்களுக்கு இந்த நுட்பமெல்லாம் விளங்காது என்பவர்களுக்கு மட்டும் சற்று அழுத்தமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. இதே மேலூர் வட்டாரத்தில்தான் கிரானைட் குவாரிகள் குன்றுகளைத் தின்றன. மதுரை ஆட்சியராக இருந்த உ.சகாயம் 2012இல் அரசுக்கு அனுப்பிய அறிக்கையில் இழப்பைச் சுமார் 16,000 கோடி ரூபாய் என்று கணித்தார். உயர் நீதிமன்றம் நியமித்தபடி அவர் மேற்கொண்ட விசாரணையின் அறிக்கை 2015 நவம்பரில் தாக்கலானது. கழிவுக் கல்லைக் கண்மாயில் கொட்டினால் என்ன ஆகும், அனுமதித்த எல்லைக்கும் தோண்டிய எல்லைக்கும் எவ்வளவு தூரம் என்பதை அந்த ஊர்கள் ஆண்டுக்கணக்கில் கண்ணால் பார்த்தன. டங்ஸ்டன் செய்தி வந்ததும் இவ்வளவு வேகமாக ஒன்று திரண்டதற்கு அந்த அனுபவமே முக்கியக் காரணம் என்பது என் கணிப்பு. அனுமதிக் காகிதத்தைவிட அனுமதிக்குப் பிந்தைய கண்காணிப்பு முக்கியம் என்று அவர்கள் கற்றிருந்தார்கள்.

அந்தக் கண்காணிப்பில்தான் நம் நிர்வாகம் மிகவும் மெலிந்திருக்கிறது. அனுமதியின் நிபந்தனைகளைக் கடைப்பிடிக்கிறோம் என்ற அறிக்கையை ஆறு மாதத்துக்கு ஒருமுறை தருவது நிறுவனமே. அதை ஊர் முன் வாசித்துக் காட்டும் கட்டாயம் இல்லை. நூறு நாள் வேலைத் திட்டத்தில் கிராம சபைச் சமூகத் தணிக்கையைச் சட்டத்திலேயே வைத்து நடத்திக் காட்டிய நாடு இது. வேலை அட்டையையும் வரப்பின் நீளத்தையும் சரிபார்க்க முடிந்த சபையால், வெடி வைத்த நேரத்தையும் கிணற்று நீர்மட்டத்தையும் லாரி நடைகளையும் சரிபார்க்க முடியாதா? பணத்திலும் இதே கதைதான். 2015 திருத்தத்தால் வந்த மாவட்டக் கனிம அறக்கட்டளைக்கு, ஏலத்தில் எடுத்த குத்தகைதாரர் உரிமத் தொகையில் 10 விழுக்காடும், அந்தத் திருத்தத்துக்கு முன்பே குத்தகை பெற்றவர் 30 விழுக்காடும் தர வேண்டும். சுரங்கத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கென்றே உருவான நிதி. யோசனை அருமையானது. ஆனால் அறக்கட்டளையின் தலைமை மாவட்ட ஆட்சியரிடம். கிராம சபையின் ஒப்புதலைக் கட்டாயமாக்கியது அட்டவணைப் பகுதிகளில் மட்டும். தூசியை மூச்சிழுக்கிற ஊர், தன் பெயரில் சேர்ந்த பணம் எந்தக் கட்டடமாக எங்கே எழுந்தது என்பதைத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப்போட்டு அறிய வேண்டியிருக்கிறது.

கடைசியாகக் குழியைப் பற்றி. பெருங்கனிமக் குத்தகை முடிகிறபோது நிறுவனம் இறுதி மூடல் திட்டத்தை நிறைவேற்றியதாக அதிகாரியிடம் சான்று பெற வேண்டும் என்பது விதி. 2020 ஜனவரி 8 அன்று உச்ச நீதிமன்றம், தோண்டிய நிலத்தில் மீண்டும் புல் வளர்த்துக் கால்நடைக்கும் விலங்குக்கும் ஏற்றதாக்க வேண்டும் என்பதைக் குத்தகை நிபந்தனையாகவே சேர்க்கும்படி ஒன்றிய அரசுக்கு உத்தரவிட்டது. சிறு கல்குவாரிகளில் இதெல்லாம் பெயரளவுக்குத்தான். நம் மாவட்டங்கள் எதில் போனாலும், கல்லை எடுத்துக்கொண்டு கைவிட்டுப் போன குழிகள் மழைநீர் நிறைந்து கிடக்கின்றன. அவற்றில் குளிக்கப்போன பிள்ளைகள் மூழ்கிய செய்தி ஆண்டுதோறும் வருகிறது. அந்தக் குழிக்கு வேலி போட்டாயிற்றா, மேல்மண்ணைத் திரும்பப் பரப்பினார்களா, நட்ட கன்று இரண்டாம் கோடையைத் தாண்டியதா என்பதை அதன் ஓரத்தில் ஆடு மேய்க்கிறவர் தினமும் பார்க்கிறார். மூடல் சான்றிதழில் அதிகாரியின் கையெழுத்துக்குப் பக்கத்தில் அந்த ஊர்க் கிராம சபையின் ஒப்பமும் வேண்டும் என்று விதியில் ஒரு வரி சேர்த்தால் போதும். அதனால் எந்தக் கனிமத்தின் விலையும் கூடிவிடப் போவதில்லை.